கரை வளர்ந்த கதை

நுழையும்முன்

கண்ட இடங்களை வரிசைப்படுத்திக் கூறுவது மட்டும் பயணக் கட்டுரை ஆகாது. கண்ட காட்சி எவ்வாறு உண்டாயிற்று என வினவி அறிந்ததையும் சேர்த்து எழுதும்போது, அக்கட்டுரை படிப்பவருக்குப் பயன் தருகிறது. ஆந்திர மாநிலம் குப்பத்தில் வாழும் தமிழர் ஒருவர் சென்னைக் கடற்கரையைக் கண்டு திரும்பியபின் எழுதிய கட்டுரையாக இப்பாடம் அமைந்துள்ளது.

எங்கள் ஊரும் கடலும்

ஆந்திரம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கும் இடத்தில் எங்கள் குப்பம் உள்ளது. குன்றுகளும் புன்செய் நிலங்களும் சூழ்ந்த இவ்வூரின் கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். திராவிட மொழிகளை ஆராய்வதற்கெனத் திராவிடப் பல்கலைக்கழகம் 1997-ஆம் ஆண்டு இங்கே நிறுவப்பட்டது.

கடல் எங்களுக்கு நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும் இரண்டு வழிகள் எங்களைக் கடலோடு இணைக்கின்றன. ஒன்று பாலாறு. கருநாடகத்தில் தோன்றும் அந்த ஆறு, குப்பம் வட்டாரத்தைக் கடந்து தமிழ்நாட்டில் நுழைந்து, சென்னைக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலில் கலக்கிறது. மற்றொன்று இருப்புப்பாதை. தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856-ஆம் ஆண்டு சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை ஓடியது. 1864-ஆம் ஆண்டு சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் பாதை நீண்டது. அப்பாதை குப்பத்தின் வழியே செல்கிறது. அதில் ஓடும் தொடர்வண்டி ஒன்றில் ஏறியே நான் சென்னையை அடைந்தேன்.

அகன்ற மணற்பரப்பு

மெரினாவில் முதலில் என்னை வியக்கவைத்தது மணற்பரப்பு. சாலையிலிருந்து இறங்கி நெடுநேரம் நடந்த பின்னரே அலைகளை அணுக முடிந்தது. இக்கடற்கரையின் அகலம் சில இடங்களில் 400 மீட்டருக்கும் மிகுதியாகும். அலையின் இழுப்பு வலிமையானது ஆதலால் இங்கே கடலில் இறங்கிக் குளிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது.

1880-களில் சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், கரையோரம் மக்கள் உலாவுவதற்குப் பாதை அமைத்து அதற்கு மெரினா எனப் பெயரிட்டார். அப்பாதையை ஒட்டி உழைப்பாளர் சிலை நிற்கிறது. பெரும்பாறை ஒன்றைப் புரட்ட நான்கு தொழிலாளர் முயலும் அச்சிலையை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மீனவர் குடியில் பிறந்த சிங்காரவேலர், இந்தியாவின் முதல் மே நாள் விழாவை 1923-ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில்தான் நடத்தினார்.

மணல் எங்கிருந்து வந்தது?

கலங்கரை விளக்கத்தின் அருகே வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், “ஐயா, இந்தக் கரை எப்போதும் இவ்வளவு அகலமாகவே இருந்ததா?” என்று கேட்டேன். அவர் வடக்கே துறைமுகம் இருக்கும் திசையைக் காட்டி, “இது வடக்கே போகவேண்டிய மணல், தம்பி. துறைமுகத்துக் கல் தடுத்ததால் இங்கே நின்றுவிட்டது” என்றார்.

அவர் கூறியது வரலாறும் அறிவியலும் உறுதிசெய்யும் உண்மை. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. பழங்காலத்தில் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில் சரக்கும் பயணிகளும் அலைகளைக் கடந்து கரை சேர்வர். இந்த இடர்ப்பாட்டை நீக்குவதற்காக, கடலுக்குள் கல்லாலான இரு நீண்ட கைகளைப்போன்ற அலைதடுப்புச் சுவர்களை எழுப்பும் பணி 1870-களில் தொடங்கியது. 1881-ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது. பின்னர் மீண்டும் கட்டினர்.

ஆண்டின் பெரும்பகுதியில் இக்கரையோரம் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடும். சென்னை மீனவர் இதனைத் ‘தெண்டி’ என்பர். வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடுவதை ‘வன்னி’ என்பர். ஆறுகள் கொணர்ந்து சேர்க்கும் மணலைத் தெண்டி வடக்கே சுமந்து செல்லும். துறைமுகச் சுவர் அதனைத் தடுத்தபோது, சுவருக்குத் தெற்கே மணல் ஆண்டுதோறும் குவிந்தது. முன்பு சாலைக்கு அண்மையில் இருந்த அலைகள் விலகிச் சென்றன. இவ்வாறே மெரினா அகன்றது.

அம்மணல் துறைமுகத்தின் கிழக்கு வாயிலையும் தூர்க்கத் தொடங்கியது. எனவே வாயிலை வடகிழக்குப் பக்கத்திற்கு மாற்றினர். அத்துறைமுகத்திற்குத் தலைமை ஏற்றவர்களுள் ஒருவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர். அவருடைய அலுவலகத்தில் 1912-ஆம் ஆண்டு எழுத்தராகச் சேர்ந்தவரே கணித மேதை சீனிவாச இராமானுசன்.

வடகரையின் நிலை

மறுநாள் துறைமுகத்திற்கு வடக்கே உள்ள இராயபுரம் சென்றேன். அங்கே மணற்கரையைக் காணவில்லை. கருங்கற்களைக் குவித்து எழுப்பிய தடுப்பின்மீது அலைகள் மோதிக்கொண்டிருந்தன. வடகரைக்குத் தெற்கிலிருந்து வரவேண்டிய மணல் வரவில்லை. இருந்த மணலையோ நீரோட்டம் தொடர்ந்து அரித்துச் சென்றது. ஆகவே கடல் உட்புகுந்தது. கரையோர வீடுகள் பல அழிந்தன. நகரத்திற்கு மெரினாவை அளித்த அதே சுவரே வடகரை மீனவரின் நிலத்தைப் பறித்தது. துறைமுகத்தால் வாணிகம் வளர்ந்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அந்த வளர்ச்சிக்கு உரிய விலையை மெரினாவில் உலாவ வருவோர் கொடுக்கவில்லை. இராயபுரத்தில் வாழ்ந்தோர் கொடுத்தனர்.

குப்பம் என்னும் பெயர்

நொச்சிக்குப்பம், நடுக்குப்பம், அயோத்தியாக்குப்பம், ஊரூர்க்குப்பம் எனச் சென்னைக் கரையெங்கும் எங்கள் ஊரின் பெயரைக் கண்டு மகிழ்ந்தேன். குப்பம் என்பதற்குச் சிற்றூர் என்பது பொருள். கடற்கரையில் மீனவர் வாழும் ஊர்களுக்கு அப்பெயர் மிகுதியாக வழங்குகிறது. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்குப்பங்களைத் தாக்கியது. உயிரும் படகும் இழந்தபின்னும் இம்மக்கள் கடலைவிட்டு அகலவில்லை. விடியற்காலையில் படகுகள் கரையேறுகின்றன. பெண்கள் மீனை விலைபேசி விற்கின்றனர். நகரத்தார்க்குப் பொழுதுபோக்கு இடமாக விளங்கும் கடற்கரை, இவர்களுக்கு வயலும் களமும் ஆகும்.

பாலாற்றின் மணலும் மழைக்காலத்தில் கடலை அடைந்து, இந்த நீரோட்டத்தில் கலக்கிறது. ஆற்றில் அளவுமீறி மணலை அள்ளினாலும், நீரைத் தேக்கித் தடுத்தாலும், தொலைவிலுள்ள கரை மெலியும். ஆற்றங்கரையில் வாழும் நாமும் கடற்கரையைக் காக்கும் பொறுப்பில் பங்குடையவர்கள் என்பதே இப்பயணத்தில் நான் கற்ற பாடம்.

சொல்லும் பொருளும்

புன்செய் – மழையை நம்பி விளையும் நிலம்
இடர்ப்பாடு – துன்பம்
தூர்த்தல் – மண்ணால் நிரப்பி மூடுதல்
ஆழிப்பேரலை – சுனாமி
களம் – கதிரடிக்கும் இடம்

வினாக்கள்

1. குப்பத்தைக் கடலோடு இணைக்கும் இரண்டு வழிகள் யாவை?
2. தெண்டி, வன்னி – வேறுபடுத்துக.
3. மெரினா அகன்றதற்கும் இராயபுரக் கரை அரிக்கப்பட்டதற்கும் உள்ள தொடர்பை விளக்குக.
4. ‘கடற்கரை மீனவர்க்கு வயலும் களமும் ஆகும்’ – இத்தொடரின் கருத்தை உம் சொற்களில் எழுதுக.

செயல்பாடு

உம் ஊரில் உள்ள ஏரி, ஆறு அல்லது சாலை ஒன்றைப் பற்றி முதியவர் ஒருவரிடம் கேட்டறிக. அதனால் பயன் பெற்றவர் யார், இழந்தவர் யார் என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.