பழைய டிராக்டரும் பராமரிப்பு ஏடும்

விருத்தாசலத்துப் பீங்கான் சாமான்களை வாங்குவோர் மெருகைக் கண்டு மயங்குவதில்லை. விரலால் தட்டி ஓசை கேட்ட பின்னரே விலை பேசுவர். மெருகு மறைத்த விரிசலை ஓசை காட்டிவிடும். அதே ஊர்ப்புறத்தில் பழைய டிராக்டர் வாங்கச் செல்லும் விவசாயியோ, "எல்லா சர்வீசும் எழுதியிருக்கிறது" என்று நீட்டப்படும் புத்தகத்தைக் கண்டதுமே முன்பணம் கொடுத்துவிடுவதுண்டு. பெரும்பாலும் நகையை அடகு வைத்துத் திரட்டிய பணம் அது. ஆகவே, அந்த ஏட்டை எவ்வளவு நம்பலாம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மத்திய அரசின் 'வாகன்' பதிவேட்டில், வண்டி பதிவான தேதி, இன்சூரன்ஸ் காலம், கடனுக்கு ஈடாக உள்ளதா என்பன போன்ற விவரங்கள் தெரியும். இஞ்சின் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்பது அதில் இராது. அது அப்பதிவேட்டின் வேலையும் அன்று. கம்பெனிப் பட்டறையின் கணக்கோ, அங்கு நடந்த வேலையை மட்டுமே சொல்லும். இலவச சர்வீஸ் முடிந்ததும் பலர் கடைத்தெரு மெக்கானிக்கிடம் போய்விடுவது யாவரும் அறிந்ததே. எனவே, ஏடு வெறுமையாக இருப்பதால் வண்டி கவனிக்கப்படவில்லை என்றோ, நிறைந்திருப்பதால் கவனிக்கப்பட்டது என்றோ முடிவு கட்டலாகாது.

நான்கு ஆண்டுப் பதிவுகளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், பிசகாமல் 250 மணிக்கு ஒரு முறை என்று இருக்குமாயின் ஐயம் கொள்ளுதல் தகும். வயலில் உழைக்கும் இயந்திரத்துக்கு நடவுக் காலத்தில் சர்வீஸ் தள்ளிப்போவதே இயல்பு. பில்களைக் கேட்டு வாங்கித் தேதிவாரியாக அடுக்கி, ஹவர் மீட்டரின் எண் ஏறிக்கொண்டே வருகிறதா என்று பார்க்க வேண்டும். முந்திய பில்லில் 2,100 மணி என்றும் பிந்தியதில் 1,600 என்றும் இருந்தால், மீட்டரில் யாரோ கை வைத்திருக்கக்கூடும். பழுதுபட்ட மீட்டரை நேர்மையாக மாற்றியிருக்கவும் கூடும்; அதற்கும் ஒரு பில் இருக்க வேண்டுமல்லவா?

டயரும் சாட்சி சொல்லும். அதன் பக்கவாட்டில் 2322 என்பது போன்ற நான்கு இலக்கம் காணப்படும். 2022-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்பது அதன் பொருள். 2018-இல் பதிவான டிராக்டரின் மீட்டர் 700 மணி மட்டுமே காட்ட, பின்டயர்களில் 2022 என்றிருந்தால், முதல் டயர்கள் எங்கே தேய்ந்தன என்று விற்பவரைக் கேட்கலாம். கிளட்ச் மிதியின் தேய்வையும், ஏர் பூட்டும் துளைகள் நீண்டு போயிருப்பதையும் மீட்டர் எண்ணோடு ஒப்பிடுவது நலம். இயலுமாயின், பில் கொடுத்த மெக்கானிக்கையே நேரில் சென்று விசாரிக்க வேண்டும். அரை நாள் அலைச்சல்தான்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. பஞ்சாயத்தின் குப்பை வண்டியோ டிராக்டரோ ஒரு நாள் ஏலத்துக்கு வரும். அதை எடுப்பவர் நம்மூர் விவசாயியாகவே இருக்கலாம். அன்று அவர் கையில் கிடைக்கப்போவது நாம் இன்று எழுதும் லாக் புத்தகம். தணிக்கைக்கு முதல் நாள் மொத்தமாக எழுதாமல், வேலை நடந்த அன்றே மீட்டர் எண்ணுடன் எழுதி, பில்லை அப்பக்கத்திலேயே ஒட்டிக் கையொப்பமிடச் செய்தல் வேண்டும். சர்வீஸ் தவறிய மாதத்தில் "செய்யவில்லை" என்றே எழுதலாம்.