அன்றிரவு போடும் கணக்கு: நீட் மதிப்பெண் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை. நீட் தேர்வு மாலை 5 மணிக்கு முடிந்தது. இரவு 9 மணிக்கு, என்னிடம் வேதியியல் படித்த மாணவி ஒருத்தி தன் அப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். கையில் வினாத்தாள். விடை தெரிந்த கேள்விகளுக்கு டிக், தெரியாதவற்றுக்கு வட்டம், சிலவற்றில் டிக்கும் கேள்விக்குறியும் சேர்ந்தே இருந்தன. அப்பாவின் கைபேசியில் மூன்று பயிற்சி மையங்களின் விடைக்குறிப்புகள். ஒன்றின்படி 487, இன்னொன்றின்படி 512, மற்றொன்றின்படி 527.

“487ன்னா கவர்ன்மென்ட் சீட் கிடைக்காதே சார். ரிப்பீட்டர் பேட்ச்ல இடம் முடிஞ்சிடும்னு சொல்றாங்க, நாளைக்கே பணம் கட்டிடலாமா?” என்று கேட்டார். அவள் தலையே நிமிரவில்லை. ஒவ்வொரு மே மாதமும் எத்தனையோ வீடுகளில் இதுதான் நடக்கிறது. அந்த இரவின் முடிவுகளுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: வினாத்தாளில் டிக் அடித்ததுதான் ஓ.எம்.ஆர் தாளிலும் இருக்கும்.

உண்மை: மதிப்பெண் தருவது ஓ.எம்.ஆர் தாள்தான். அதைத் தேர்வறையிலேயே கொடுத்துவிட்டு, வினாத்தாளை மட்டும் எடுத்து வருகிறோம். கடைசிப் பத்து நிமிடத்தில் மனம் மாறி வேறு வட்டத்தைக் கருப்பாக்கியிருக்கலாம். வினாத்தாளில் திருத்த நேரம் இருந்திருக்காது. தேசியத் தேர்வு முகமை ஓ.எம்.ஆர் தாளின் ஸ்கேன் படத்தையும், இயந்திரம் பதிவு செய்த விடைகளையும் பிறகு இணையத்தில் வெளியிடுகிறது. அதை வைத்துப் போடுவதே சரியான கணக்கு. அதற்கு முன் போடுவதெல்லாம் ஞாபகத்தை நம்பிப் போடும் கணக்கு.

நம்பிக்கை 2: பெரிய பயிற்சி மையம் சொன்னால் அதுவே முடிவான விடை.

உண்மை: தேர்வு முடிந்த சில மணி நேரத்தில் அவசரமாகத் தயாரிக்கும் பட்டியல் அது. வினாத்தாள் குறியீட்டுக்கு ஏற்ப கேள்விகளின் வரிசையும் மாறும். தவறான குறியீட்டோடு ஒப்பிட்டு அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முகமையே முதலில் வெளியிடுவது தற்காலிக விடைக்குறிப்புதான். ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி அதை எதிர்த்து முறையிடலாம். வல்லுநர்கள் பார்த்து இறுதி செய்த குறிப்பின்படியே முடிவு வரும்.

சில சமயம் அதுவும் மாறும். 2024இல் அணுக்கள் பற்றிய ஓர் இயற்பியல் கேள்விக்கு, பழைய பாடநூலை வைத்து எழுதியவர்களுக்காக இரண்டு விடைகளைச் சரியென்று முகமை ஏற்றிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. டெல்லி ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஒரே விடைதான் சரி என்றார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஆளுக்கு 5 மதிப்பெண் குறைந்தது. முதலில் 67 பேர் 720க்கு 720 பெற்றதாக வந்த பட்டியல், சிலருக்கு நடந்த மறுதேர்வுக்கும் இந்தத் திருத்தத்துக்கும் பிறகு 17 பேராகச் சுருங்கியது.

நம்பிக்கை 3: சந்தேகக் கேள்வி தப்பானாலும் போவது ஒரு மார்க்தானே.

உண்மை: சரியான விடைக்கு 4 கூடும், தவறுக்கு 1 குறையும். ஆகவே சரியென்று எண்ணிய ஒரு விடை தப்பாகிவிட்டால் கணக்கில் 5 இறங்கும். என் மாணவியின் மூன்று கணக்குகளையும் பாருங்கள்: 487, 512, 527. இடைவெளிகள் 25, 15. எல்லாம் ஐந்தின் மடங்குகள். 487க்கும் 527க்கும் நடுவில் இருந்தவை எட்டே எட்டுக் கேள்விகள்.

அன்றிரவு மூன்று பத்தியாகக் கோடு கிழித்து எழுதினோம். அவள் விடையளித்த 173 கேள்விகளில் உறுதியாகச் சரி 125, உறுதியாகத் தவறு 28, சந்தேகம் 20. சந்தேகம் எல்லாம் தப்பென்றால் 500இல் 48 போக 452. எல்லாம் சரியென்றால் 580இல் 28 போக 552. அவள் மதிப்பெண் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தது. அன்றைக்குச் சொல்லக்கூடிய உண்மை அவ்வளவுதான்.

நம்பிக்கை 4: போன வருஷம் இந்த மார்க்குக்கு இந்த ரேங்க், இந்த வருஷமும் அதேதான்.

உண்மை: தேர்வு கடினமானால் எல்லோருடைய மதிப்பெண்ணும் சேர்ந்து இறங்கும். 2024இல் 17 பேர் முழு மதிப்பெண் வாங்கினார்கள். 2025இல் முதலிடமே 686தான். பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 162இலிருந்து 144ஆக இறங்கியது. பழைய பட்டியலைப் பார்த்து 2025இல் கலங்கியவர்கள் வேறொரு தேர்வின் முடிவைப் பார்த்துக் கலங்கினார்கள். கூட எழுதியவர்கள் எப்படி எழுதினார்கள் என்பது தெரியும்வரை தரவரிசை யாருக்கும் தெரியாது.

நம்பிக்கை 5: கட் ஆஃப் தாண்டினால் சீட் உறுதி.

உண்மை: நீட் கட் ஆஃப் என்பது கலந்தாய்வில் கலந்துகொள்ளும் தகுதி மட்டுமே. பொதுப் பிரிவுக்கு அது 50ஆவது பெர்சென்டைல். அதாவது எழுதியவர்களில் பாதிப் பேரை எட்டிப் பிடிக்கும் இடம். 50 சதவீத மதிப்பெண் என்று பொருளில்லை. இடம் கிடைப்பது தரவரிசை, இனப்பிரிவு, மாநில ஒதுக்கீடு ஆகியவற்றைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அவர்களுக்கான பட்டியலும் தனி. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை வைத்து உங்கள் பிள்ளையின் இடத்தை அளக்க முடியாது.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகளோடு மல்லுக்கட்டி வந்த பிள்ளை அது. அன்றிரவு “எவ்வளவு வரும்?” என்று கேட்காதீர்கள். “சாப்பிட்டியா?” என்று கேளுங்கள். பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டு, தூங்காமல், தன்னால் எல்லோருக்கும் கஷ்டம் என்பது போல் பேசினால் தனியே விடாதீர்கள். 104, 14416 ஆகிய எண்களில் மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள்.

என் மாணவி வினாத்தாளின் முதல் பக்கத்தில் 452, 552 என்று எழுதி மடித்து வைத்தாள். அப்பா பணம் கட்டவில்லை. பதிவான விடைகள் வெளியானபோது இரண்டு இடங்களில் அவள் டிக் அடித்தது ஒன்று, கருப்பாக்கியது வேறொன்று என்று தெரிந்தது. இறுதியில் அவள் வாங்கியது 502. கைபேசியில் வந்த மூன்று எண்களில் எதுவும் அது இல்லை. மடித்து வைத்த தாளில் இருந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருந்தது.