7-க்கு முன்னால் ஒரு பூஜ்யம்

ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் ஏபிஐ-க்கு 7/8/2025 என்று தேதி அனுப்பினால் பிழை என்று திருப்பி அடிக்கிறது. தேதி சரிதானே? – வாசகர், ஆயக்குடி

தேதி சரி, வடிவம்தான் தகராறு. இ-இன்வாய்ஸ் கேட்பது நாளுக்கு இரண்டு இலக்கம், மாதத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு நான்கு, நடுவே சாய்கோடு. 07/08/2025 என்று அனுப்புங்கள், இந்தப் பிழை போய்விடும். ஐஎஸ்ஓ 8601 முறையில் 2025-08-07 என்று கொடுத்தாலும் வாங்காது. உலகத் தரமாயிற்றே என்று வாதாடிப் பயனில்லை.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டின் 'டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்' எப்போதும் யுடிசி நேரத்தையே தரும். நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அதிலிருந்து தேதியை எடுத்தால், லோடு ஏற்றிவிட்டு விடியற்காலை 4 மணிக்குப் போடும் பில்லில் முந்தின நாள் தேதி விழுந்துவிடும்.

நேர மண்டலத்தை 'ஆசியா/கொல்கத்தா' என்று வைத்துத் தேதியை எடுங்கள்.