எண் சிறிதானால் நிலா பெரிதாகும்

மைசூரு. தசராவின் எட்டாம் நாள். அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகள் எரிந்தன. ஊரே அங்கே கூடியிருந்தது.

ஒரு தாயும் மகளும் மட்டும் அங்கே போகவில்லை. அவர்கள் டீச்சர் வீட்டு மொட்டை மாடியில் நின்றார்கள். மகள் ஒன்பதாம் வகுப்பு. தாய் ஊதுபத்தி உருட்டுகிறவள். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து மகளுக்காகப் பணம் சேர்த்திருந்தாள். மகள் கேட்டது ஒரு தொலைநோக்கி.

"கடையில ஒண்ணு பார்த்தோம் டீச்சர். 450 மடங்கு பெரிசாக் காட்டுமாம். பெட்டியிலேயே போட்டிருக்கு" என்றாள் தாய்.

"வாங்கிட்டீங்களா?"

"இல்லை. உங்களைக் கேட்டுட்டு வாங்கலாம்னு இருக்கோம்."

"நல்லதாப் போச்சு. முதல்ல நிலாவைப் பாருங்கம்மா."

தொலைநோக்கியில் இரண்டு பக்கம் லென்சு உண்டு. வானத்தைப் பார்த்திருப்பது பெரிய லென்சு. அது ஒளியைச் சேர்க்கிறது. நம் கண் பக்கம் இருப்பது சிறிய லென்சு. அது உருவத்தைப் பெரிதாக்குகிறது. சிறிய லென்சைக் கழற்றலாம், வேறொன்றை மாட்டலாம். டீச்சரிடம் அப்படி மூன்று இருந்தன. அவற்றின் மேல் 25, 10, 4 என்று எழுதியிருந்தது. இவை மில்லிமீட்டர் கணக்கு.

டீச்சர் 25-ஐ மாட்டினார். தாய் குனிந்து பார்த்தாள். அன்று அஷ்டமி, அரை நிலா. நிலா முழுவதும் வட்டத்துக்குள் அடங்கியிருந்தது. வெளிச்சமும் இருட்டும் சேரும் ஓரத்தில் குழி குழியாகத் தெரிந்தது.

"அடேயப்பா! அம்மி கொத்தின மாதிரி இருக்கே!"

அடுத்து 10. குழிகள் பெரிதாயின. குழிக்குள் விழுந்த நிழல்கூடத் தெரிந்தது. தாய்க்கு ஒரு சந்தேகம் வந்தது.

"எண் சின்னதாச்சு. நிலா பெரிசாச்சு. இது என்ன தலைகீழா இருக்கு?"

இதற்கு ஒரு வகுத்தல் கணக்குப் போதும். அந்தத் தொலைநோக்கியின் மேல் 70, 700 என்று இரண்டு எண்கள் இருந்தன. 70 என்பது பெரிய லென்சின் அகலம். 700 என்பது அதன் குவிய தூரம். குவிய தூரத்தைக் கண் பக்க லென்சின் எண்ணால் வகுக்க வேண்டும்.

700 ÷ 25 = 28 மடங்கு.
700 ÷ 10 = 70 மடங்கு.
700 ÷ 4 = 175 மடங்கு.

"அப்போ 4 தானே நல்லது?" என்றாள் மகள். டீச்சர் 4-ஐ மாட்டினார். நிலாவில் ஒரு துண்டுதான் தெரிந்தது. அதுவும் மங்கலாக இருந்தது. கை பட்டால் ஆடியது. ஒரு நிமிடத்துக்குள் பார்த்த இடம் நகர்ந்து போய்விட்டது. பூமி சுழல்கிறது அல்லவா? அந்த நகர்வையும் லென்சு பெரிதாக்கிக் காட்டுகிறது. தாய் மூக்குக்கண்ணாடி போட்டவள். 4-இல் கண்ணை ஒட்டி வைக்க வேண்டியிருந்ததால் கண்ணாடி இடித்தது. கழற்றிவிட்டுத் திருகைத் திருப்பிச் சரிசெய்துதான் பார்த்தாள்.

"ஒரு கரண்டி மாவுதான் இருக்கு. அதையே கல்லு முழுக்க இழுத்தா என்ன ஆகும்?" என்று டீச்சர் கேட்டார்.

"தோசை பிஞ்சு போகும்."

ஒளியும் அப்படித்தான். பெரிய லென்சு சேர்க்கும் ஒளி ஓர் அளவுதான். பெரிதாக்கினால் அது பரந்து மங்கும். அகலத்தைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம். 70-க்கு 140. அதற்கு மேல் பயனில்லை.

திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் ஒரு பெரிய தொலைநோக்கி இருக்கிறது. 1986-இல் திறக்கப்பட்டது. வைணு பாப்பு என்ற வானியல் அறிஞரின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதன் பெருமை எத்தனை மடங்கு என்பதில் இல்லை. ஒளி சேர்க்கும் ஆடியின் அகலத்தில் இருக்கிறது. அகலம் 2.34 மீட்டர், ஏழரை அடிக்கும் மேல்!

கலீலியோ 1610-இல் வியாழனின் நான்கு நிலாக்களைக் கண்டார். அவர் கருவி ஏறத்தாழ 20 மடங்குதான் காட்டியது. டீச்சரின் 25 அதைவிட மேல். சனியின் வளையத்துக்கு 10 நல்லது.

மறுவாரம் தாயும் மகளும் கடைக்குப் போனார்கள். தாய் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அவளே எழுதியது. 70, 700, 25, 10. கீழே ஒன்றேகால் அங்குலம். கண் பக்க லென்சு செருகும் குழாயின் அகலம் அது. அந்த அளவு இருந்தால் பிறகு வேறு லென்சு வாங்கிப் போடுவது எளிது.

பெட்டியில் எழுதியிருந்தது ஆங்கிலம். எண்ணுக்கு மொழி தேவையில்லையே. 60, 900 என்று படித்தாள். 900-ஐ 4-ஆல் வகுத்தால் 225. இடையில் செருகும் பார்லோ லென்சு அதை இரட்டிப்பாக்கும். இப்படித்தான் 450 வந்தது. ஆனால் 60-க்கு 120 வரைதான் பயன்!

பெட்டிக்குள் கறுப்பாக ஒரு சின்னக் கண்ணாடியும் இருந்தது. சூரியனைப் பார்க்கவாம். கண் பக்க லென்சில் திருகும் வகை. இது வெப்பத்தில் வெடிக்கலாம். வெடித்தால் ஒரு நொடியில் கண் போய்விடும். தொலைநோக்கியைச் சூரியன் பக்கமே திருப்பக் கூடாது என்று டீச்சர் மூன்று முறை சொல்லியிருந்தார்.

"இது வேண்டாம். இந்தச் சீட்டுல இருக்கிறது உண்டா?" என்று தாய் கன்னடத்தில் கேட்டாள்.

இருந்தது. எண்ணூறு ரூபாய் குறைந்தது. மகள் முகம் வாடியது. தாய் சீட்டைக் கடைக்காரரிடமே கொடுத்தாள்.

"சங்கராந்திக்கு வர்றேன். இதே எண் போட்டதா எடுத்து வையுங்க."