திருக்கழுக்குன்றமும் இரு கழுகுகளும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றனையும் முறையாக வழிபட்டு வருவார்க்கு ஞானாசிரியன் எதிர்ப்பட்டு அருள்வன் என்பது நம் பெரியோர் துணிபு. இத்துணிபிற்கு இலக்கியமாய் விளங்கும் மலைத் தலங்கள் தமிழகத்துப் பல. அவற்றுள் தொண்டை நாட்டுத் திருக்கழுக்குன்றமும் ஒன்று. அம்மலையின் வரலாற்றை ஒருவாறு ஆராய்ந்து, அதுபற்றி இந்நாளில் எழுந்துள்ள ஓர் ஐயத்தை நீக்குதலே ஈண்டு யாம் மேற்கொண்டது.

ஐயமாவது: நாள்தோறும் உச்சிப்போதில் இம்மலைக்கு வந்து அமுதுகொண்ட இரு கழுகுகள் 1998ஆம் ஆண்டையொட்டி வாராதொழிந்தன. கழுகு வாராத குன்றம் கழுக்குன்றம் ஆதல் யாங்ஙனம்? தலத்தின் பெருமை குறைந்ததோ? அன்றிப் புராணந்தான் பொய்த்ததோ? எம்பால் திருவாசகம் பாடங்கேட்கும் மாணவர் ஒருவர் அண்மையில் இங்ஙனம் வினவினார். அவர் வினாவில் ஏளனம் இல்லை, வருத்தமே இருந்தது. ஆதலின் அதற்கு விடை கூறாது விடுதல் முறையன்றெனக் கருதினோம்.

மலையும் பெயரும்

இத்தலம் செங்கற்பட்டிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில், மாமல்லபுரம் செல்லும் வழியில் உளது. மலையின் உயரம் ஏறத்தாழ 500 அடி. ஐந்நூற்றின் மேற்பட்ட படிகளைக் கடந்து ஏறுவார் வேதகிரீசுவரர் சந்நிதியை அடைவர். மலைமேல் அம்மையின் திருப்பெயர் சொக்கநாயகி. அடிவாரத்துத் தாழக்கோயிலில் பத்தவற்சலேசுவரரும் திரிபுரசுந்தரியம்மையும் எழுந்தருளியுள்ளனர். வேதங்கள் நான்குமே மலைவடிவாய் நின்றன என்பது புராண வரலாறாகலின் வேதகிரி என்றும், கோடி உருத்திரர் வழிபட்டமையால் உருத்திரகோடி என்றும் இதற்குப் பெயர்கள் வழங்கும். பட்சிதீர்த்தம் என்பது பிற்கால வழக்கு.

கழுகுக்குன்று என்பதே கழுக்குன்று எனக் குறைந்து நின்றது. தேவார முதலிகள் மூவரும் இத்தலத்தைக் கழுக்குன்று என்ற பெயரானே பாடினராகலின், இப்பெயர் 7ஆம் நூற்றாண்டிற்கு முன்னரே நிலைபெற்றதென்பது தெளிவு. திருஞானசம்பந்தர்க்கும் சுந்தரர்க்கும் ஒவ்வொரு பதிகம் உளது. திருநாவுக்கரசர் அருளிய திருத்தாண்டகத்தில் இரண்டு பாடல்களே நமக்குக் கிடைத்துள்ளன. ஏனைய கிடைத்தில என்பதுபற்றி அவ்விரண்டன் பெருமை சிறிதேனும் குறைந்ததுண்டோ? இதனை நினைவிற்கொள்க, பின்னர்ப் பயன்படும்.

கல்வெட்டுக் கூறும் உண்மை

தாழக்கோயிலில் இராசகேசரிவர்மனது 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உளது. இவ்வரசன் முதலாம் ஆதித்தசோழன் என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. ஆகவே இக்கல்வெட்டு 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. கந்தசிட்டன் என்னும் பண்டைப் பல்லவவேந்தன் மூலட்டானத்துப் பெருமானுக்கு நிலம் அளித்தனன் என்றும், வாதாபி கொண்ட நரசிங்கப்போத்தரையன் அதனை அவ்வாறே காத்தனன் என்றும், சோழனும் அப்படியே நிலைநிறுத்தினன் என்றும் அது கூறும். வாதாபி கொள்ளப்பட்டது 642ஆம் ஆண்டளவில். ஆகவே அறம் தொடங்கியது அதற்கும் முன்னர் என்க.

இது கூர்ந்து நோக்கற்பாலது. பல்லவர் முடியைக் கவர்ந்த குலத்தான் சோழன். பகைவர் நாட்டைக் கைக்கொண்டவன் அவர் அளித்த தேவதானத்தைக் கைக்கொண்டிலன். தானும் அதற்குக் காவலனாயினன். அரசு மாறிற்று; அறம் மாறிற்றில்லை. மலையினது திரு மன்னர் மாட்டு எத்துணை ஆழமாகப் பதிந்திருந்ததென்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மலைச்சரிவில் பல்லவர் காலத்துக் குடைவரையாகிய ஒருகல் மண்டபம் உளது. 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்து வாணிகம் செய்த ஒல்லாந்தர் சிலர் இங்குப் போந்து தம் பெயரை அதிற் பொறித்துச் சென்றனர். தாழக்கோயிற் கல் இறைவற்கு அளித்ததைக் கூறும். இம்மண்டபத்துக் கல் வந்தவர் பெயரைக் கூறும். ஒரு மலையின்கண் இருவகை எழுத்தும் உள. நாம் மலையேறும்போது எவ்வகையெழுத்தை விட்டு வருகின்றோம் என்பது சிந்திக்கற்பாலது.

புராணமும் பறவைகளும்

திருக்கழுக்குன்றப் புராணத்தைத் தமிழிற் பாடியவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார். ஊழிதோறும் இருவர் கழுகுருவாய் இங்கு வழிபட்டனர் என்பது தலவரலாறு. முதல் உகத்தில் சண்டன், பிரசண்டன். இரண்டாம் உகத்தில் சம்பாதி, சடாயு. மூன்றாம் உகத்தில் சம்புகுத்தன், மாகுத்தன். கலியுகத்தில் சம்பு, ஆதி என்ப. இவருட் சம்பாதியும் சடாயுவும் புள்ளிருக்குவேளூரிலும் வழிபட்டமை யாவரும் அறிவர். காசியில் நீராடி, கழுக்குன்றில் அமுதுண்டு, இராமேச்சுரம் தொழுது, தில்லையில் தங்கும் என இப்பறவைகளின் நாட்கடனை மக்கள் கூறி மகிழ்வர்.

1970ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில், யாம் சிறுவராயிருந்தபோது, எம் ஆசிரியருடன் இக்காட்சியைக் காணச் சென்றோம். நண்பகல் வெயில், பாறை கால் சுட்டது. சருக்கரைப் பொங்கல் நிறைந்த பாத்திரத்துடன் பணியாளர் ஒருவர் பாறைமேல் அமர்ந்திருந்தார். நெடும்பொழுது சென்றது, பறவை வந்திலது. கூட்டத்தில் ஒருவர், ‘பாவி எவனோ இங்கு வந்துளன், ஆதலாற்றான் கழுகு வாரவில்லை’ என்றார். முன்னாள் தோட்டத்தில் மாங்காய் திருடியுண்ட எமக்கு உடல் நடுங்கிற்று. ஆசிரியர் பின் ஒளிந்துகொண்டோம். பின்னர் ஒரு பறவை வந்தது; வெண்ணிறச் சிறகும் மஞ்சள் முகமும் உடையது. பொங்கலை உண்டு, அலகைப் பாறையில் துடைத்துக்கொண்டு பறந்தது. மற்றையது அன்று வந்திலது.

இறங்கும்போது எம் நடுக்கத்தின் காரணத்தை ஆசிரியர் கேட்டறிந்தார். நகைத்திலர். ‘கழுகு வருவது தன் பசி நோக்கி. நீ வந்தது எது நோக்கி?’ என்று மட்டும் வினவினார். அவ்வினாவிற்கு விடை காண எமக்கு நெடுங்காலம் வேண்டியிருந்தது.

தடையும் விடையும்

இனி மாணவரது ஐயத்திற்கு வருவோம். கழுகு வருதலாற்றான் மலை திருவுடைத்தாயிற்று எனின், வாராமையால் திரு நீங்கிற்று என்றல் வேண்டும். அற்றன்று. மலை திருவுடைத்தாகலின் கழுகு வந்தது என்பதே புராணத்தின் கருத்து. வழிபட வந்தோர் சென்றனர் என்பதுபற்றி வழிபடப்படும் பொருள் குறைவுபடாது. திருத்தாண்டகத்தில் இரண்டே எஞ்சினும் அவை நிறைவுடையவாதல் போல்வது இது.

அற்றேல், இறைவன் எங்கணும் நிறைந்தவனாகவும் ஒரு மலையைத் தனியே திருவுடைத்து என்றல் என்னையெனின், மெய்கண்டதேவர் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரத்தில் அதற்கு விடை காட்டியுள்ளார். அடியார் திருவேடத்தும் ஆலயத்தும் இறைவன் தயிரின்கண் நெய்போல விளங்கி நிற்பன். ஏனையிடங்களிற் பாலின்கண் நெய்போல விளங்காது நிற்பன். பாலில் நெய் இல்லையென்பார் இலர். எனினும் நெய் வேண்டுவார் நாடுவது தயிரையே. கழுக்குன்றம் அத்தகைய தயிர். அதனைக் கடைந்து கண்டவர் மணிவாசகப் பெருமான்.

திருப்பெருந்துறையிற் குருவாய் வந்து ஆட்கொண்ட இறைவன், அக்குருவடிவைக் கழுக்குன்றிற் காட்டியருளினன் என்பது திருக்கழுக்குன்றப் பதிகத்தின் பொருள். ஏழு பாடல்களும் அக்காட்சியைக் கூறியே முடியும். அதற்குச் சற்குரு தரிசனம் என நம் முன்னோர் கருத்துரைத்தனர். பிரிந்த குருவை அடிகள் மீளக் கண்ட இடம் இம்மலை. எனவே மலையின் உயிர்நிலை குருக்காட்சியே என்பதும், கழுகின் வரவு அதற்கு ஓர் அணியே என்பதும் பெறப்படும்.

எனினும் அவ்வணியைப் பொருளற்றதென்று தள்ளற்க. கழுகு பிணமுண்ணும் இனம். இங்கு வந்த வகையோ மலமும் உண்பது. அத்தகைய புள் இறைவன் திருமுன்னர் நெய்யும் பொங்கலும் கொண்டது. அதன் உடம்பு மாறிற்றில்லை, உணவு மாறிற்று. ஆணவமலத்திற் கிடந்த உயிர் திருவருள் வாய்ப்பட்டபின், பிராரத்த உடம்பு நீங்காதிருப்பவும், நுகர்வது சிவபோகமேயாதல் இத்தகையதே. முண்டகம் முதலிய உபநிடதங்கள் ஒரு மரத்து இரு பறவை கூறும். அவற்றுள் ஒன்று கனியுண்ணும், மற்றொன்று உண்ணாது நோக்கும். கழுக்குன்றத்து இரு பறவையும் உண்டன. ஆகவே இரண்டும் பசுவே. உண்ணாது நோக்கியிருப்பான் மலைமேலுள்ளான். புராணம் நமக்குக் கற்பிக்க வந்தது இது. இப்பாடம் பறவை வந்த நாளிலும் உண்மை, வாராத நாளிலும் உண்மை.

நம் கடன்

இங்ஙனம் கூறியவாற்றால், பறவை வாராமையால் நமக்கு இழுக்கொன்றும் இல்லையென அமைந்துவிடலாகாது. கழுகினம் பாரதநாடு முழுவதும் பெரிதும் அருகிவிட்டது. நோயுற்ற கால்நடைக்கு மக்கள் இட்ட டைக்ளோபெனாக் என்னும் வலிநீக்கு மருந்து, அவ்வூனை உண்ட கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றமை 2004ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. 2006ஆம் ஆண்டில் இந்திய அரசு கால்நடைக்கு அம்மருந்தைத் தடுத்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறு என்னும் இனம் 1992ஆம் ஆண்டிலிருந்து 2007ஆம் ஆண்டிற்குள் நூற்றுக்கு 99 பங்கிற்கு மேல் அழிந்தொழிந்தது. கழுக்குன்றிற்கு வந்த மஞ்சள்முகப் பாறும் மிகக் குறைந்தது. தமிழகத்தில் இன்று கழுகுகள் பெரிதும் காணப்படுவது நீலகிரியை அடுத்த மோயாற்றுப் பள்ளத்தாக்கிலேயே.

மருந்திட்டவர் கழுகைக் கொல்லக் கருதினாரல்லர். ஆவின் நோயைத் தீர்க்கவே கருதினர். எனினும் கொலை நிகழ்ந்தது. அறியாமை செய்யும் தீங்கு இத்தகையது. ஆணவமலத்தின் இயல்பை நூல்கள் இருள் என்று உவமித்தது இதுபற்றியே போலும். கூட்டத்திற் பாவி உளன் என்று அன்று மலைமேல் எழுந்த சொல், சொன்னவர் கருதாத வகையால் மெய்யாயிற்று. அப்பாவி மாங்காய் திருடிய சிறுவன் ஒருவன் அல்லன். நாம் எல்லேமும் அக்கூட்டத்தினுள்ளேம்.

ஆகவே நாம் செய்யற்பாலன இரண்டு. உயிர்கள்மாட்டு இரக்கம் சிவபூசையின் உறுப்பென உணர்ந்து, எஞ்சிய கழுகினத்தைக் காப்பார் முயற்சிக்குத் துணைநிற்றல் ஒன்று. பறவையைக் காண்பதற்கே மலையேறிய கூட்டம் குறைந்துவிட்ட இந்நாளில், திருமுறையும் திருவாசகமும் ஓதிக்கொண்டு மலையேறி, வேதகிரிப் பெருமானை வழிபட்டு, மலையை வலம்வருதல் மற்றொன்று. இரண்டு அரசமரபு காத்த அறத்தை நாமும் காத்தல் அதுவேயாகும்.

மாணவர்க்கு யாம் இவ்வளவும் கூறி, எம் ஆசிரியர் வினவியதனையே இறுதியில் அவரிடம் வினவினோம். அவர் விடை கூறிற்றிலர். அடுத்த முழுமதி நாளில் எம்முடன் கழுக்குன்றம் வர இசைந்தனர். அவ்விடை எமக்குப் போதும்.

திருச்சிற்றம்பலம்.