கண்மாயில் எத்தனை மீன்?

கோடையில் தண்ணீர் வற்றத் தொடங்கினால் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழாதான். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, தூரி, வலை என்று கையில் கிடைத்ததோடு சனம் கண்மாய்க்குள் இறங்கும். அப்படி ஒரு திருவிழா முடிந்த மறுநாள், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், நேத்துப் புடிச்சதுக்கு முன்னாடி கண்மாயில மொத்தம் எத்தனை மீன் இருந்திருக்கும்?"

விளையாட்டுக் கேள்வி அல்ல இது. பல ஊர்களில் மீன்பாசி ஏலம் கண்ணால் பார்த்த மதிப்பில்தான் போகிறது. அடுத்த ஆண்டு எவ்வளவு குஞ்சு விடுவது, எவ்வளவு மீனை விட்டுவைப்பது என்பதற்கும் எண்ணிக்கை வேண்டும். அன்று நேர் விகிதம் நடத்த வேண்டிய பாடவேளை; இதையே பாடமாக்கினேன்.

கலங்கல் தண்ணீரில் மீனை எண்ண முடியாது. டென்மார்க் நாட்டு உயிரியலாளர் பீட்டர்சன் 1890களில் கடலில் தட்டை மீன்களுக்கு அடையாளம் கட்டி விட்டார். சில மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டு, திரும்ப விடுகிறோம். அவை கலந்தபின் மறுபடி பிடிக்கிறோம். இரண்டாம் பிடியில் அடையாளம் உள்ளவை எந்த விகிதத்தில் வருகின்றனவோ, கண்மாய் முழுவதிலும் அதே விகிதம் இருக்கும் என்று கொள்கிறோம். அவருக்கும் முன்பே, 1802இல், பிறப்புப் பதிவுகளைக் கொண்டு பிரான்சின் மக்கள்தொகையை லாப்லாஸ் மதிப்பிட்டது இதே தர்க்கத்தில்தான்.

ஐந்து சட்டிகளில் தலா 300 புளியங்கொட்டை போட்டேன்; எண்ணிக்கையைச் சொல்லவில்லை. குழுவுக்கு ஒரு சட்டி. 50 கொட்டைகளை எடுத்து நகப்பூச்சு தடவிக் காயவைத்து, திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். பிறகு கண்ணை மூடி 60 எடுக்க வேண்டும். முதல் குழுவுக்கு அடையாளமிட்டவை 11 வந்தன. 50 × 60 ÷ 11, அதாவது சுமார் 273. மற்ற குழுக்களுக்கு 8, 9, 12, 10 வந்தன. விடைகள் 375, 333, 250, 300. "எங்க விடைதான் சரி" என்று சண்டை. ஐந்தையும் கூட்டிச் சராசரி பார்த்தபோது 306. சட்டியைக் கொட்டி எண்ணியதும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியானது. மதிப்பீடு என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

என் அனுபவத்தில் பாடத்தின் உயிர் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. அடுத்த சுற்றில் ஒரு குழுவுக்கு மட்டும் நகப்பூச்சுக்குப் பதில் சுண்ணாம்பு கொடுங்கள். குலுக்கும்போதே அது உதிரும், அடையாளம் குறையும், விடை எகிறும். "அப்ப இல்லாத மீனு இருக்கிற மாதிரி தெரியும்" என்றாள் ஒரு மாணவி. ஒருமுறை வலையில் சிக்கிய மீன் மறுமுறை வலையை ஒதுங்கிப் போனாலும் இதே கதிதான். பெரிய கண் வலை குஞ்சுகளைக் கணக்கிலேயே சேர்க்காது. மழைக்காலத்தில் வரத்து வாரி வழியாக மீன் வரும், கலிங்கு வழியாகப் போகும். அப்போது இந்தக் கணக்கு நிற்காது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கலிங்கு பாய்வது நின்றபின் செய்வதே பொருத்தம். கவிநாடு கண்மாய் போன்ற பெரும்பரப்பில் 50 மீனுக்கு அடையாளமிட்டால் ஒன்றுகூடத் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

எட்டாம் வகுப்புக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒரே வலை, ஒரே நேர அளவு. முதல் நாள் 60 மீன். அவற்றைத் திரும்ப விடுவதில்லை. மறுநாள் 45. இரு நாளும் இருந்ததில் ஒரே பங்குதான் சிக்கியது என்று கொண்டால், 60/N = 45/(N – 60). தீர்த்தால் N = 240. சமன்பாடு எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

எண்ணிக்கை மட்டும் போதாது. எந்த மீன் என்பதும் வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுபவை, கண்மாயில் பெருகா. 1957இல் ஹிராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி மூலம் இவ்வகைக் கெண்டைகளை இனப்பெருக்கம் செய்யவைத்ததால்தான் இன்று பண்ணைக் குஞ்சுகளை வாங்கி விட முடிகிறது. விரால் அப்படியல்ல. பாசி, கோரைக்கு நடுவே கூடுகட்டி, செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைப் பெற்றோரே காவல் காக்கும். அந்த நேரத்தில் தாய் தகப்பனைப் பிடித்தால் கூட்டமே போயிற்று. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபியோ தானே பெருகி, இடநெருக்கடியில் சிறுத்தே கிடக்கும். மொத்த எண்ணிக்கை கூடினாலும் நாட்டுமீன் குறைந்திருக்கலாம் என்பதை மாணவர்களே கண்டு சொன்னார்கள்.

மாணவர்களைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். மண் அள்ளிய பள்ளங்கள் எங்கிருக்கின்றன என்று கரையிலிருந்து தெரியாது. மீன் வாங்கும் வீடுகளிலும் சந்தையிலுமே தரவு கிடைக்கும்: மீனின் பெயர், நீளம், எந்தக் கண்மாய், எந்த வலை, எத்தனை மணி நேரம். எங்கள் வகுப்பில் இதற்கென்று ஒரு நீளநோட்டு வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதிய மீன் பெயர்கள். பிள்ளைகள் தாங்களே பார்த்த மீனுக்கு நேரே மட்டும் தேதி போடுகிறார்கள். கெண்டைக்கும் ஜிலேபிக்கும் நேரே இடம் போதவில்லை. அயிரைக்கு இரண்டே தேதிகள்.