டயாலிசிஸ் நோயாளியின் தற்பேணலை அளப்பது எப்படி?

சிறுநீரகங்கள் இரவு பகலாக ஓயாது ஆற்றும் பணியை டயாலிசிஸ் இயந்திரம் வழக்கமாக வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் எனச் செய்ய முயல்கிறது. வாரத்தின் 168 மணி நேரத்தில் எஞ்சிய 156 மணி நேரமும் நோயாளி தம்மைத் தாமே பேணிக்கொள்ள வேண்டியவராகிறார். 1960இல் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் நிலையாகக் குழாய் பொருத்தும் முறையைக் கண்ட பின்னரே ஆண்டுக்கணக்கில் இச்சிகிச்சையால் வாழ்வது இயன்றது. தற்பேணல் என்னும் சிக்கலும் அதனோடு பிறந்ததே.

இதனை அளக்க எளிய கருவி எடைத்தராசு. சிறுநீர் பிரியாதவர் பருகும் நீரில் பெரும்பகுதி உடலிலேயே தங்கும். 1 லிட்டர் தங்கினால் 1 கிலோ ஏறும். மிகை நீரை நீக்கிய நிலையில் உள்ள எடையை உலர் எடை என்பர். உலர் எடை 55 கிலோ உள்ளவர் அடுத்த முறை 57.2 கிலோவாக வந்தால் ஏற்றம் 4 விழுக்காடு. அதனை மிஞ்சினால் மருத்துவர்கள் கவலை கொள்வர். ஆனால் குற்றவாளி தண்ணீர் மட்டுமன்று, உப்பும்தான். ஏறக்குறைய 9 கிராம் உப்பு உடலில் தங்கினால் அதற்கு ஈடாக 1 லிட்டர் நீரையும் உடல் கேட்கும். ஊறுகாயையும் அப்பளத்தையும் விடாதவரிடம் தாகத்தை அடக்கு என்பது நடவாத காரியம்.

எனினும் தராசு ஏமாற்றவும் கூடும். சரிவர உண்ணாதவருக்கும் எடை அதிகம் ஏறாது. இரத்தத்தில் பாஸ்பரசும் குறைவாகவே இருக்கும். எண்களை மட்டும் பார்ப்பவர் மெலிந்து வரும் அம்மனிதரைச் சிறந்த நோயாளி எனப் பாராட்டிவிடுவார்! எனவே உணவளவையும் அல்புமினையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

வினாத்தாளிலும் இத்தகைய இடர் உண்டு. "மருந்தைத் தவறாமல் உண்கிறீர்களா?" என்றால் "ஆம்" என்பதே விடையாக வரும். பாஸ்பரசைக் கட்டுப்படுத்தும் மாத்திரை உணவோடு சேர்ந்தால்தான் பயன் தரும், ஆகவே "எப்போது உண்டீர்கள்?" என்று கேட்பதே முறை. ஊசி குத்தும் கையில் இரத்தக்குழாயின் அதிர்வை நாள்தோறும் தொட்டுப் பார்க்கிறாரா என்பதையும் வாயால் கேளாமல் செய்து காட்டச் சொல்லலாம்.

இன்னொன்று, நம் நாட்டில் பலர் வாரத்திற்கு இருமுறையே டயாலிசிஸ் பெறுகின்றனர். மூன்று நாள் இடைவெளிக்குப்பின் வருபவரை, ஒருநாள் விட்டு வருபவருக்குரிய அளவுகோலால் அளந்து "கவனமற்றவர்" என ஏட்டில் எழுதுவது நியாயமாகாது. ஏறிய எடையை இடைவெளி நாட்களால் வகுத்து, நாளொன்றுக்கு எவ்வளவு எனக் காண்பதே தக்கது.